வஹீபுக்கு வேண்டிய பத்துக் கிறிஸ்தவர்கள்

வஹீபுக்குப் பத்துக் கிறிஸ்தவர்கள் வேண்டியிருந்தது. சும்மா பத்துப் பேர் இல்லை. முப்பது வயதுக்குள், கண் ஒழுங்காகத் தெரிகிற, மலை ஏறினால் மூச்சு வாங்காத பத்துப் பேர்.

"உங்க ஊர்ல எத்தனை தேறும் நக்லே அண்ணே?" என்று என் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

வந்த ஆத்திரத்துக்கு வண்டியை ஓரங்கட்டி அவனை இறக்கிவிட்டிருப்பேன். "ஏண்டா, நாங்க என்ன சந்தையில நிக்கிற ஆடா?" என்றேன்.

"ஆடா இருந்தா வாங்கிட்டுப் போயிருவேனே. மனுஷன்தான் கிடைக்க மாட்டேங்குறான்."

அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும்.

அவன் ஊர் மர்ஜ் தல்லா. லெபனானின் வடக்கே அக்கார் மலையில் கீழ் வளைவில் இருக்கிறது, முழுக்க முஸ்லிம்கள். அதற்கு மேல் வளைவில் என் ஊர் பெய்த் ஹாபூர், முழுக்க மாரோனியக் கிறிஸ்தவர்கள். இரண்டு ஊருக்கும் திரிப்போலிக்கும் நடுவே இருபத்தேழு வருஷமாக வேன் ஓட்டுகிறேன். இரண்டு ஊரின் கல்யாணச் சண்டையும் எனக்குத் தெரியும். வஹீபைப்போலக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவனை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் முட்டி ஆடும். நின்றால் குதிகால் ஆடும். என் வேனின் கதவுக் கைப்பிடி இரண்டு தடவை அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் அப்பா கரி சுட்டவர். ஊருக்குப் பின்னாலிருந்த ஓக் மரங்களை வெட்டி, மண் மூடிப் புகைபோட்டு, மூட்டை கட்டி விற்றார். வஹீபுக்குப் பதினாறு வயதானபோது அந்தச் சரிவு முழுக்க மொட்டையாகிவிட்டது. அந்தக் குளிர்காலத்து மழையில் சரிவே பெயர்ந்து இரண்டு வீட்டுக்குள் இறங்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பையன் வெட்கத்தில் பல மாதம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்றைக்கு மனதில் விழுந்ததுதான், காட்டுக் காவலனாக வேண்டும் என்பது. அரசாங்கம் பரீட்சை வைத்தபோது எழுதினான். நாடு முழுவதிலும் அறுபது பேர் தேறினார்கள். அதில் இவன் மூன்றாவது.

மூன்று வருஷமாகியும் நியமன உத்தரவு வரவில்லை. தேறிய அறுபதில் நாற்பத்தெட்டுப் பேர் முஸ்லிம்கள், பன்னிரண்டு பேர் கிறிஸ்தவர்கள். 'சமநிலை இல்லை' என்று கோப்பை மேலே இருப்பவர்கள் அமுக்கிவிட்டார்கள். எங்கள் லெபனானில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், எந்த வேலையும் நின்றுவிடும். அமுக்கியவர்கள் எங்கள் பக்கத்துப் பெரிய தலைகள்தான், மறைப்பானேன். இன்னொரு துறையில் எங்களவர் அதிகம் தேறியபோது அவன் பக்கத்துப் பெரிய தலைகளும் இதையேதான் செய்தார்கள். கழுதைக்கும் குதிரைக்கும் கால் நாலுதான்.

வஹீப் அரசியல் சட்டத்தின் தொண்ணூற்றைந்தாம் பிரிவை நகலெடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். மேல் பதவிக்கு மட்டும்தான் இரண்டு மதத்துக்கும் பாதிக்குப் பாதி, மற்ற வேலைக்கெல்லாம் தகுதி என்று அதில் இருக்கிறது. பெய்ரூத்தில் அவன் காட்டாத ஆள் இல்லை. கடைசியில் வனத்துறையிலிருந்த ஒரு குமாஸ்தா, நல்ல மனிதர், அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "தம்பி, அந்தக் காகிதத்தை மடிச்சு வை. இந்த வசந்தத்துல ஒரு துணைப் பரீட்சை வருது. அதுல கிறிஸ்தவப் பசங்க ஒரு பத்துப் பேர் தேறினா, பன்னிரண்டு இருபத்திரண்டாகும். அப்ப கையெழுத்துப் போட ஒத்துக்குவாங்க. ஆனா எங்க பரீட்சைக்கு அவங்க யாரு வர்றா? எல்லாரும் விசா வரிசையில நிக்கிறாங்க."

வேறொருவனாக இருந்தால் தலையெழுத்து என்று போயிருப்பான். இவன் மறுநாள் காலை என் வேனில் ஏறிக் கணக்குக் கேட்டான்.

முதலில் எங்கள் அபூனா யாக்கூபிடம் கூட்டிப்போனேன். எங்கள் ஊர்ப் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படிக்கட்டில் எல்லாரும் காப்பிக் கோப்பையோடு நிற்கிற நேரம். வஹீப் பரீட்சை அறிவிப்பை நீட்டி, அடுத்த பூசையில் இதை வாசிக்க வேண்டும் என்றான்.

அபூனா கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தார். "ஒரு முஸ்லிம் வேலைக்காக நான் பலிபீடத்துல நின்னு கிறிஸ்தவனை ஆள் சேக்கணுமா?"

"ஆமா அபூனா."

"இதாண்டா உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம். நீங்க ஆட்சியையும் மதத்தையும் பிரிச்சதே இல்ல. உங்க நபியே ஆட்சி பண்ணினவர். படை நடத்தினார், தீர்ப்புச் சொன்னார், ஒப்பந்தம் எழுதினார். எங்க ஆண்டவர்கிட்ட காசைக் காட்டி, ரோமாபுரி ராஜாவுக்கு வரி கட்டலாமான்னு கேட்டப்ப, சீசரோடது சீசருக்கு, கடவுளோடது கடவுளுக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டார். ஒரு ஊர்த்தலைவர் பதவிகூட அவர் கேக்கல."

"அதான் அபூனா எனக்குப் புரியவே இல்ல," என்றான் வஹீப். "நாங்க ஒண்ணாக் கட்டினவங்க, சரி. நீங்க ரெண்டாப் பிரிச்சவங்க. அப்படின்னா சீசரோட காட்டைக் காக்க ஆள் எடுக்கையில, எவன் எந்தக் கோயிலுக்குப் போறான்னு ஏன் எண்றீங்க?"

படிக்கட்டில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். என் அக்கா வர்தேக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அபூனாவின் காது சிவந்தது. "கோயில் எண்ணலடா. கட்சிக்காரன் எண்றான்."

"எங்க பக்கமும் பள்ளிவாசல் எண்ணல அபூனா. அங்கயும் கட்சிக்காரன்தான்."

 அபூனா அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நானும் வெட்கமில்லாமல் பின்னாலேயே போனேன். "உண்மையைச் சொல்லட்டுமா? பயம்டா. நான் படிச்சப்ப எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல எண்பது பிள்ளைங்க. இப்ப பதினொண்ணு. மீதியெல்லாம் ஆஸ்திரேலியாவுல. ஆளும் போயி நாற்காலியும் போச்சுன்னா எங்களை யார் மனுஷனா மதிப்பான்னு ஒரு பயம். அதை வச்சுத்தான் அவனுங்க எங்களை ஓட்டுறானுங்க."

"காவலனுக்கு நாற்காலியே கிடையாது அபூனா. முழுக்க நடக்கிற வேலை."

அறிவிப்பை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு வாசித்தார். வேண்டாவெறுப்பாக, ரொம்ப வேகமாக.

இவன் ஊர்ப் பள்ளிவாசல் ஷேக் முனீபும் என் வேனில்தான் சந்தைக்குப் போவார். அபூனா சொன்னதை அவரிடம் சொல்லி வாயைக் கிளறினேன். எனக்கு அதில் ஒரு ஆசை.

"யாக்கூப் சொன்னது நெசந்தான்," என்றார் ஷேக். "எங்களுக்கு ஆட்சி மார்க்கத்துக்கு வெளிய கிடக்கிற சாமான் இல்ல. ஆனா அது உள்ள இருக்குன்னா என்ன அர்த்தம்? ஆள்றவன் அல்லாஹ்வுக்குப் பயந்து ஆளணும்னு அர்த்தம். பொறுப்பை உரியவன்கிட்ட ஒப்படைன்னு வேதத்துல இருக்கு. உரியவன் யாரு? வேலை தெரிஞ்சவன். தலையை எண்ணிக் குடுன்னு எங்க இருக்கு?"

"அப்ப சீசரோடதை சீசருக்குக் குடுங்கறதும் இதுவும் ஒண்ணுதானே ஷேக்?"

"ஒண்ணில்ல. அவங்க கடவுளைத் தள்ளி வச்சுட்டு நியாயம் பண்ணலாம்ங்கறாங்க. நாங்க கடவுளைப் பக்கத்துல வச்சுட்டுத்தான் நியாயம் பண்ணணும்ங்கறோம். ரெண்டு பேரும் இந்த ஊர்ல நியாயம் பண்ணல, அதுல வேணா ஒண்ணு." சொல்லிவிட்டு, தக்காளிக் கூடையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் மலையில் பூசாரிகூடக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போடுகிறவன்தான் கொடுக்கவில்லை.

அடுத்த ஆறு வாரம் ஞாயிறுதோறும் மேல் ஊர்களுக்கு ஓடினோம். ஆப்பிள் தோட்டங்களில், சீட்டாடும் கடைகளில், ரொட்டி அடுப்பு வாசலில் நின்று ஆள் பிடித்தான். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது ஆள் என் அக்கா மகன் பஷாரா. அவனை வஹீப் பிடித்ததே தனிக் கூத்து. தடைக் காலத்தில் பறவை சுட்டுக்கொண்டிருந்த பஷாராவின் துப்பாக்கியை இவன் பிடுங்கியிருக்கிறான்.

"நீ யாருடா கேக்க? உனக்கு உத்தியோகம் இருக்கா?" என்று பஷாரா எகிறியிருக்கிறான்.

"தேறியிருக்கேன்."

"தேறினா போதுமா? நானும் மூணு தடவை காதல்ல தேறியிருக்கேன், எவ வந்தா?"

இருவரும் அங்கேயே பாறைமேல் உட்கார்ந்து சிரித்து, துப்பாக்கியைப் பாதிப் பாதியாகத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள்.

பாடம் நடத்தியதும் வஹீப்தான். அடுத்தவன் பரீட்சைக்கு இப்படி உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பைத்தியக்காரனை உலகத்தில் எங்கேயும் பார்க்க முடியாது. மரங்களின் பெயர், வெட்டுச் சட்டம், தீ எந்தக் காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று தலையில் அடித்து ஏற்றினான். இரண்டு பேர் கூடுதலாகச் சேர்ந்து பன்னிரண்டு பேர் எழுதி, சொல்லிவைத்தாற்போலப் பத்துப் பேர் தேறினார்கள். என் வீட்டில் விருந்து. நாங்கள் அரக் சாராயம் குடித்தோம், அவன் புளித் தண்ணீர் குடித்தான், அதிகம் ஆடியவன் அவன்தான்.

அப்புறம்தான் அவன் கெட்டுப்போனான். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கோப்பு மேலே போனது, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதற்குள் பத்தில் ஒன்று குறைந்துவிடுமோ என்ற பயம் அவனைப் பிடித்து ஆட்டியது. தினமும் காலையில் மேல் ஊர்களுக்கு நடந்துபோய் ஒவ்வொருவனும் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவான். மிலாத் என்ற பையன் கனடாவுக்குப் போகப்போகிறான் என்று பேச்சு வந்ததும், அவன் தோட்டத்து ஆப்பிள் முழுக்கக் கூலியில்லாமல் பறித்துக் கொடுத்தான். அதுவும் போதாதென்று, ஒருநாள் அபூனா வீட்டுக் கதவைத் தட்டி, "மிலாத் போயிட்டா அந்த இடத்துக்கு என்னைப் போட்டுக்கோங்க. தண்ணி ஊத்துங்க, பேரை மாத்துங்க, அங்க ஒண்ணு குறையும், இங்க ஒண்ணு கூடும்," என்றிருக்கிறான்.

அபூனா துடைப்பத்தைத் தூக்கிவிட்டார். "ஞானஸ்நானம் என்ன வேலைவாய்ப்புச் சீட்டாடா? விசுவாசம் இருக்கா உனக்கு?"

"இல்ல அபூனா. அவசரம் இருக்கு."

செய்தி கீழே போய், ஷேக் அவனைக் கூப்பிட்டுவிட்டார். "வேலைக்காகப் போனா அவங்களும் சேக்க மாட்டாங்க, திரும்பி வந்தா நானும் முகத்தைப் பாக்க மாட்டேன். தொழுகைக்கு நில்லு, போ," என்றாராம். இரண்டு மதமும் அப்படி ஒரே குரலில் பேசியதை அக்காரில் அன்றைக்குத்தான் கேட்டோம். மிலாத் கனடாவுக்குப் போகவில்லை. காதலித்த பெண்ணின் அப்பா சம்மதித்துவிட்டார். வஹீப் அந்தக் கல்யாணத்தில் பெண்வீட்டாரைவிட அதிகமாக அழுதான்.

அக்டோபரில் அனல் காற்று அடித்த ஒரு முற்பகலில் மேற்கு முகட்டில் புகை எழுந்தது. தீயணைப்பு வண்டி கீழே இன்னொரு ஊரின் தீயில் சிக்கியிருந்தது. நான் வேனில் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றினேன். வஹீபும் பஷாராவும் தேறிய பையன்களும் பச்சைக் கிளைகளை வெட்டிக்கொண்டு ஓடினார்கள். உத்தியோகம் இல்லாத காவலர்கள்! சீருடை இல்லை, முகமூடி இல்லை, ஒரு விசில்கூட இல்லை. ஈரத் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே மண்ணை வாரி அடித்தார்கள். மதியத்துக்குள் காற்று திரும்பியது. பஷாரா மேலே ஒரு ஆட்டுக்காரக் கிழவரை இறக்கிவிடப் போனவன், அவரை அனுப்பிவிட்டுப் புகைக்குள் மாட்டிக்கொண்டான். வஹீப் யார் பேச்சையும் கேட்காமல் உள்ளே போனான். கால் மணி நேரம் கழித்து அவனை முதுகில் போட்டுக்கொண்டு வந்தான். பஷாராவின் இரண்டு கையும் வெந்திருந்தது. மூச்சு விசில்போல வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வேனை விரட்டினேன். பின்சீட்டில் பஷாராவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வஹீப் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். துஆ ஓதுகிறான் என்று நினைத்தேன். வளைவில் வேகம் குறைந்தபோது காதில் விழுந்தது.

"ஒன்பது... ஒன்பதாயிடும்..."

வண்டியை அப்படியே நிறுத்தினேன். இறங்கி, பின்கதவைத் திறந்து, அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "நாயே! என் அக்கா மகன்டா அவன்! உனக்கு அவன் வெறும் எண்ணிக்கையாடா?"

வஹீப் அசையவில்லை. கரி படிந்த முகத்தில் என் ஐந்து விரலும் தெரிந்தது. "அண்ணே," என்றான், "அவன் செத்துருவானோன்னுதான் அண்ணே பயந்தேன். சத்தியமா. ஆனா வாய் தானா எண்ணிடுச்சு. என்னைப் பிடிச்சு எண்ணின அந்தக் கட்சிக்காரனுங்க மாதிரியே ஆயிட்டேன் அண்ணே." கத்தி அழுதான். அதற்குமேல் அடிக்க எனக்குக் கை வரவில்லை. வண்டியை எடுத்தேன். நானும் அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

பஷாரா பிழைத்தான். மூன்று வாரம் கையில் கட்டோடு கிடந்தான். வஹீப் ஒருநாள் தவறாமல் போய், அவனுக்கு லெப்னே என்ற கெட்டித் தயிர் தடவிய ரொட்டியை ஊட்டிவிட்டு, செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டினான். மேல் ஊர்களுக்கு நடப்பதை விட்டுவிட்டான்.

நவம்பரில் இரண்டு சேதி ஒரே வாரத்தில் வந்தது. சிட்னியில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் பஷாராவின் சித்தப்பா போட்ட மனுவில் அவனுக்கு விசா வந்தது; மாதக் கடைசிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். குமாஸ்தாவிடமிருந்தும் தகவல் வந்தது. கையெழுத்து அடுத்த மாதம், அதற்கு முன் எல்லாரும் ஊரில் இருக்கிறார்களா என்று ஒரு தடவை சரிபார்ப்பார்கள்.

பஷாரா கட்டுப்போட்ட கையோடு மர்ஜ் தல்லாவுக்கு வந்தான். நான்தான் கூட்டிப்போனேன். "நான் போகல வஹீப். நீ என்னைத் தூக்கிட்டு வந்தவன். விசா போனா போகுது, மறுபடி போட்டுக்கலாம். நீ கையெழுத்தை வாங்கு."

வஹீபின் முட்டி ஆடியது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம், மூன்றாவது இடம், மொட்டைச் சரிவு, எல்லாம் அந்த முகத்தில் ஓடியது.  எழுந்து வெளியே போய், கொடிமுந்திரிப் பந்தலைச் சுற்றி நாலு தடவை நடந்துவிட்டு வந்தான்.

"போடா," என்றான். "மறுபடியெல்லாம் வராது. உன் மூச்சுக்கு அங்க வைத்தியம் நல்லா இருக்குமாம். போ."

"உன் வேலை?"

"போன்னு சொன்னேன்ல. மறுபடி கேட்டே, அந்தத் துப்பாக்கி கேஸை இப்ப எழுதிருவேன்."

விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். பெட்டியைத் தூக்கியவன் வஹீப். அக்கா வர்தே, பெற்ற மகனைக் கட்டிக்கொண்டதைவிட இவனைக் கட்டிக்கொண்டு அதிகம் அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து, திரிப்போலிக்குப் போகிற வழியில் அவன் செல்போன் அடித்தது. குமாஸ்தாதான். பக்கத்தில் இருந்த எனக்கும் குரல் தெளிவாகக் கேட்டது. "தம்பி, நல்ல சேதி. கோப்பு மேசைமேல இருக்கு. அந்தப் பத்தும் ஊர்ல இருக்குதான்னு கேக்குறாங்க. ஆள் அனுப்பிப் பாக்கப் போறதில்ல. நீ இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் எழுதிக்குவேன். சொல்லு, பத்தும் இருக்குல்ல?"

 'சொல்லித்தொலையேண்டா' என்று உதட்டை அசைத்தேன். ஒரு பொய். இந்த நாட்டில் இதைவிடப் பெரிய எத்தனையோ பொய்மேல் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வஹீப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவன் முட்டி ஆடவில்லை.

"ஒன்பது பேர் இருக்காங்க சார். ஒருத்தர் சிட்னிக்குப் போயிட்டார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அட அவசரக்குடுக்கை! ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? அந்த ஒண்ணைப் பிடிச்சு வைக்க முடியலையா?"

"அது ஒண்ணு இல்ல சார்," என்றான் வஹீப். "அவன் பேர் பஷாரா."